சூரியனின் சில்லறைக் கணக்கு

2020 மே மாதம் தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தை ஒரே சொல் பிடித்து வைத்திருந்தது: கொரோனா. அந்த வைரஸ் குடும்பத்துக்குப் பெயர் வந்ததே சூரியனிடமிருந்துதான். 1968-இல் அதற்குப் பெயர் சூட்டிய ஆய்வாளர்களுக்கு, மின்னணு நுண்ணோக்கியில் உருண்டையைச் சுற்றித் தெரிந்த விளிம்பு, முழுச் சூரிய கிரகணத்தில் கருவட்டத்தைச் சுற்றிப் படரும் வெண்ணொளியை நினைவூட்டியது. ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில், மே 30 அன்று, அசல் கொரோனாவை ஒரு விண்கலம் நெருங்கிச் சென்று படம் எடுத்தது.

ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று ஏவிய சோலார் ஆர்பிட்டர்தான் அது. அன்று அது சூரியனிலிருந்து சுமார் 8.3 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பூமியிலிருந்து சூரியனுக்கு உள்ள தூரத்தில் பாதிக்குச் சற்று அதிகம். கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சரிபார்க்கும் கட்டம். சூரியனும் தன் பதினோரு ஆண்டுச் சுழற்சியின் அடிமட்டத்தில் சோம்பிக் கிடந்தது. பெரிதாக எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வந்த படத்தில், கரிய தரையில் பொரி சிதறினாற்போல் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன வெளிச்சங்கள். 5 நொடிக்கு ஒரு படம் வீதம் 245 நொடிகள் எடுத்த வரிசையில் 1,467 மினுக்கங்களைக் கணினி எண்ணியது. ஒவ்வொன்றின் நீளமும் 400 முதல் 4,000 கிலோமீட்டர் வரை. ஆயுள் 10 நொடியிலிருந்து 200 நொடி. வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல். பெல்ஜியம் அரச வானியல் நிலையத்தின் டேவிட் பெர்க்மான்ஸ் தலைமையிலான குழு அவற்றுக்கு ‘கேம்ப்ஃபயர்’ என்று பெயரிட்டது. குளிர்காலத்தில் திண்ணையோரம் மூட்டிக் குளிர்காயும் கணப்பு என்று தமிழில் சொல்லலாம். இந்தியாவின் வடக்கு-தெற்கு நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இந்தக் கணப்புகளில் பெரியவை இந்த நாட்டையே மூடிவிடும். ஆனால் 14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள சூரியனில் அவை பொரிதான்.

படம் ஜூலை 16 அன்று வெளியானபோது செய்திகள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டன: கொரோனா ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்ற பழைய புதிருக்கு விடை இதுதானா? அந்தக் கேள்வியை ஒரு கணக்குப் பிள்ளையின் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தீ தெரிகிறது என்பது உண்மை. அந்தத் தீயெல்லாம் கூடினால் செலவுக்குப் போதுமா என்பதுதான் வழக்கு.

பச்சைக் கோடும் இரும்பும்

புதிர் தொடங்கியது ஒரு பச்சைக் கோட்டில். 1868 ஆகஸ்ட் 18 அன்று அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரான்சிலிருந்து பியர் ஜான்சன் வந்திருந்தார். சூரியனின் விளிம்பொளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கும் வேலை அப்போது சூடுபிடித்திருந்தது. பூமியில் அதுவரை யாரும் காணாத ஹீலியத்தின் மஞ்சள் கோடு அந்த ஆண்டின் ஆய்வுகளில்தான் வெளிப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும் கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். அது அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஹீலியத்தைப் போல இதுவும் புதிய தனிமம் என்று எண்ணி ‘கொரோனியம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எழுபது ஆண்டுகள் கொரோனியம் தேடப்பட்டது. 1939-இல் ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியானும், அடுத்த சில ஆண்டுகளில் சுவீடனின் பெங்ட் எட்லெனும் முடிச்சை அவிழ்த்தார்கள். அது புதுத் தனிமம் இல்லை, நம் வீட்டுத் தோசைக்கல்லில் உள்ள அதே இரும்புதான். ஆனால் 26 எலக்ட்ரான்களில் பாதியை, அதாவது 13-ஐ இழந்த இரும்பு. இரும்பிடமிருந்து இத்தனை எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டுமானால் வெப்பம் பத்து லட்சம் டிகிரியைத் தாண்ட வேண்டும். கீழே, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோளம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறைய வேண்டும். இங்கே இருநூறு மடங்கு ஏறுகிறது.

பத்து லட்சம் டிகிரி என்றதும் மலைத்துப்போக வேண்டியதில்லை. கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடானது. கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. பொறியில் பொருள் கொஞ்சம், அதனால் மொத்த வெப்பமும் கொஞ்சம். கொரோனாவும் அப்படித்தான் அடர்த்தியற்றது. அது ஒளியாகவும், கீழே கடத்தியும், சூரியக் காற்றாகவும் இழக்கும் ஆற்றலை ஈடுகட்ட, அமைதியான பகுதிகளில் சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் போதும். நான்கு மின்விசிறிகள் இழுக்கும் மின்சாரம். கரும்புள்ளிகளைச் சுற்றியுள்ள கொந்தளிப்பான பகுதிகளில் அது 10,000 வாட் வரை போகும். அதே சதுர மீட்டர் வழியாகச் சூரியன் வெளியே கொட்டுவது சுமார் 6.3 கோடி வாட். இரண்டு லட்சத்தில் ஒரு பங்கைத் தனியே பிரித்து மேலே அனுப்பினால் காரியம் முடிந்தது. கையில் காசு இருக்கிறது. அதை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை.

பார்க்கரின் சடைப் பின்னல்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் பார்க்கர், சூரியக் காற்று உண்டு என்று 1958-இல் கணக்கிட்டுச் சொன்னவர். சொன்னபோது பலர் நம்பவில்லை. 1988-இல் அவர் கொரோனாவின் சூட்டுக்கும் ஒரு வழி சொன்னார்.

சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் உலைபோல. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலக் குமிழ்கள், குருணைகள் என்று வானியலில் அழைக்கப்படுபவை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து உடைகின்றன. கொரோனாவில் வளைவு வளைவாக நிற்கும் காந்தக் கோடுகளின் கால்கள் இந்தக் கொதிப்பில்தான் ஊன்றியிருக்கின்றன. கால்கள் அங்குமிங்கும் தள்ளாட, மேலே கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சடை பின்னியதுபோல் முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு ஒரு அளவுக்கு மேல் தாங்காது. எங்காவது இரண்டு இழைகள் அறுந்து வேறு இணைகளோடு ஒட்டிக்கொள்ளும். இதற்குக் காந்த மறுஇணைப்பு என்று பெயர். அறுந்து ஒட்டும் அந்தக் கணத்தில் முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் வெப்பமாகவும் பீறிடும் வேகமாகவும் கொட்டுகிறது.

இப்படிப்பட்ட ஒரு சிறு வெடிப்பில் வெளிப்படும் ஆற்றல், மிகப்பெரிய சூரிய வெடிப்பின் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதால் பார்க்கர் அதற்கு ‘நானோஃபிளேர்’ என்று பெயரிட்டார். சூரியன் அளவில் அது தூசி. மனித அளவில் 24 மெகாடன். 1961-இல் சோவியத் யூனியன் வெடித்துச் சோதித்த, மனிதன் வெடித்தவற்றிலேயே பெரிய ஹைட்ரஜன் குண்டின் பாதி. அமைதியான கொரோனாவை மட்டும் சூடாக வைத்திருக்கச் சூரியன் முழுவதும் நொடிக்கு இப்படிப்பட்டவை சுமார் 18,000 வேண்டும்.

பின்னலைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டா? 2012 ஜூலை 11 அன்று நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஹை-சி என்ற தொலைநோக்கியைச் சுமந்து ஒரு சிறு ராக்கெட் கிளம்பியது. சில நிமிடங்கள் மட்டும் வளிமண்டலத்துக்கு மேலே நின்று, சுமார் ஐந்து நிமிடக் காட்சிகளை எடுத்துவிட்டுக் கீழே விழுந்தது. அதன் கண் 150 கிலோமீட்டர் வரை பிரித்தறிந்தது. அந்தக் காட்சிகளில் ஒரு கொந்தளிப்புப் பகுதியின் இழைகள் முறுக்கியபடி கிடப்பதையும், முறுக்கு அவிழும் இடத்தில் சூடு ஏறுவதையும் கண்டதாக மறு ஆண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே இடத்தை அதே நேரம் படமெடுத்த நாசாவின் எஸ்டிஓ விண்கலத்துக்கு அந்தப் பின்னல் ஒற்றைத் தடித்த கயிறாகத்தான் தெரிந்தது.

உண்டியல் எண்ணும் முறை

கோயில் உண்டியலைத் திறந்து எண்ணும்போது நூறு ரூபாய் நோட்டுகள் சில கட்டுகள் இருக்கும், பத்து ரூபாய்கள் நிறைய, ஒரு ரூபாய் நாணயங்கள் மலையாகக் குவிந்திருக்கும். மொத்தத் தொகையில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறது என்பது எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு நூறு ரூபாய்க்குச் சரியாகப் பத்துப் பத்து ரூபாய்கள் என்றால் இரண்டும் சமம். பத்துக்கு மேல் இருந்தால் சில்லறை ஜெயிக்கும். குறைந்தால் நோட்டு ஜெயிக்கும்.

1991-இல் ஹியூ ஹட்சன் சூரிய வெடிப்புகளுக்குச் சொன்னதும் இதே விதிதான். ஆற்றல் குறையக் குறைய வெடிப்புகளின் எண்ணிக்கை ஏறும் சாய்வை ஒரு எண்ணால் குறிக்கலாம். அது 2-க்கு மேல் இருந்தால் சின்ன வெடிப்புகளே கொரோனாவைச் சூடாக்க முடியும். 2-க்குக் கீழ் இருந்தால் எத்தனை கோடி மினுக்கங்கள் தெரிந்தாலும் அவை அலங்காரம்தான். எக்ஸ் கதிரில் பதிவான பெரிய வெடிப்புகளை எண்ணியபோது சாய்வு 1.8-ஐ ஒட்டி வந்தது. ஆகவே பெரியவை போதாது. மிச்சமெல்லாம் கண்ணுக்கெட்டாத சிறியவற்றின் கையில்.

1998-லிருந்து இரண்டே ஆண்டுகளுக்குள் மூன்று குழுக்கள் அந்தச் சிறியவற்றை எண்ணின. சோகோ விண்கலத்தின் படங்களை வைத்து சாம் குருக்கரும் ஆர்னால்ட் பென்ஸும் சாய்வு 2.3-க்கும் 2.6-க்கும் இடையில் என்றார்கள். டிரேஸ் விண்கலத்தின் படங்களை எண்ணிய கிளேர் பார்னெல், பீட்டர் ஜப் இருவருக்கும் 2-லிருந்து 2.6 வரை வந்தது. அதே டிரேஸின் படங்களை எண்ணிய மார்கஸ் அஷ்வாண்டன் குழுவுக்கு 1.8. ஒரே உண்டியல், மூன்று தொகை.

யாரும் பொய் சொல்லவில்லை. தொலைநோக்கி தருவது தட்டையான படம். ஒரு மினுக்கத்தின் பரப்பு தெரியும், தடிமன் தெரியாது. தடிமன் தெரியாமல் கன அளவு இல்லை, கன அளவு இல்லாமல் ஆற்றல் இல்லை. சின்னதும் பெரியதும் ஒரே தடிமன் என்று வைத்துக்கொண்டால் ஒரு சாய்வு வரும். அகலம் கூடினால் தடிமனும் கூடும் என்று வைத்துக்கொண்டால் வேறொன்று. எந்த அளவுக்கு மேல் மினுக்கத்தை ‘நிகழ்வு’ என்று எண்ணுவது, ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை ஒன்றென்பதா இரண்டென்பதா என்ற சின்ன முடிவுகளும் எண்ணை 2-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். தீர்ப்பு தொங்கும் கோடே 2-தான் என்பதால் கால் புள்ளி வேறுபாடு கூட இங்கே பெரிய சங்கதி.

ஒரே யானை, பல பெயர்கள்

சின்ன மினுக்கங்கள் சோலார் ஆர்பிட்டரோடு பிறந்தவை இல்லை. 1917-இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஃபெர்டினாண்ட் எல்லர்மான் கரும்புள்ளிகள் முளைக்கும் இடங்களில் திடீரென ஒளிர்ந்து சில நிமிடங்களில் அணையும் புள்ளிகளைப் பார்த்தார். ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டின் நடுவில் அவை தெரியவில்லை, இரு ஓரங்களில் மட்டும் தெரிந்தன. சூரிய ஹைட்ரஜன் குண்டுகள் என்று அவர் எழுதினார். அணுகுண்டுக்கு முந்தைய காலத்துச் சொல் அது. இன்று அவை எல்லர்மான் குண்டுகள்.

அதன்பிறகு ஒவ்வொரு புதிய கருவியும் ஒரு புதிய பெயரோடு வந்தது. ராக்கெட்டிலும் ஸ்கைலேப் நிலையத்திலும் வைத்த எக்ஸ் கதிர் தொலைநோக்கிகள் ‘ஒளிப் புள்ளிகளை’க் காட்டின. 1983-இல் புற ஊதா நிறமாலையில் ‘வெடிப்பு நிகழ்வுகள்’. 1997-இல் சோகோ விண்கலத்திலிருந்து ‘பிளிங்கர்கள்’. 2014-இல் ஐரிஸ் விண்கலத்திலிருந்து ‘ஐரிஸ் குண்டுகள்’. 2020-இல் கேம்ப்ஃபயர். யானையைத் தடவிய குருடர்கள் கதையில் காது முறமாகவும் கால் தூணாகவும் ஆனதுபோல, எந்த அலைநீளத்தில் தடவினோமோ அந்தப் பெயர் வந்தது. பெயர்ப் பட்டியலைச் சூரியனின் பட்டியல் என்பதைவிடக் கருவிகளின் வரலாறு என்று வாசிப்பதே பொருத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் பெரும்பாலும் இருப்பது ஒன்றுதான்: எதிரெதிர்த் துருவங்கள் கொண்ட இரண்டு காந்தத் திட்டுகள் நெருங்கி வந்து மோதும் இடம்.

ஐரிஸ் குண்டை மட்டும் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். 2013 ஜூனில் ஏவப்பட்ட ஐரிஸ், சிலிக்கானின் ஒரு புற ஊதாக் கோட்டைத் தொடர்ந்து பார்க்கிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்த அந்தச் சிலிக்கான் பொதுவாக எண்பதாயிரம் டிகிரியை ஒட்டி ஒளிரும். குண்டு வெடித்த இடத்தில் அந்தக் கோடு வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரகாசமாகி, இரு பக்கமும் அகன்றிருந்தது. மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மா நொடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் மேலும் கீழுமாகப் பீறிட்டதன் அடையாளம் அது. ஆச்சரியம் அதில் இல்லை. அகன்ற அந்த ஒளியின் தோளில், எலி கடித்ததுபோல் மெல்லிய கருங்கீறல்கள் இருந்தன. அவை நிக்கல், இரும்பு போன்றவற்றின் கோடுகள், சில ஆயிரம் டிகிரிக் குளிர்ந்த வாயுவில் மட்டுமே உருவாகக் கூடியவை. ஆக, கொதிக்கும் பை குளிர்ந்த வாயுவுக்கு அடியில் புதைந்திருக்கிறது. அதன் ஒளி மேலே வரும் வழியில் குளிர்ந்த போர்வை அதைக் கொஞ்சம் கடித்துவிட்டது. கீழே, குளிர்ந்த அடுக்கின் நடுவில் ஒரு லட்சம் டிகிரிக்குப் பக்கமான சூடு எப்படி என்று ஹார்டி பீட்டரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரைக்கு உடனே மறுப்புகளும் வந்தன. குண்டு அவ்வளவு ஆழத்தில் இல்லை, வெப்பமும் அவ்வளவு இல்லை என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது.

கொடைக்கானலிலிருந்து ஒரு எச்சரிக்கை

மினுக்கம் என்றால் காந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது என்பதற்குக் கொடைக்கானலோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட அந்தச் சூரிய ஆய்வகத்தில்தான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் நிழல்வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அவர் பெயரிலேயே அது எவர்ஷெட் விளைவு. கால்சியத்தின் ‘கே’ கோட்டில் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் வழக்கமும் அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. கால்சியம் ஒளிரும் இடங்களும் காந்தப்புலம் வலுத்த இடங்களும் ஒத்துப்போவதால், காந்த அளவீடுகள் இல்லாத காலத்துக்கும் அந்தக் கண்ணாடித் தகடுகள் சாட்சியாக நிற்கின்றன.

அந்த மரபில் வந்த கே. ஆர். சிவராமன், அமெரிக்காவின் வில்லியம் லிவிங்ஸ்டனோடு சேர்ந்து 1982-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரிய காந்த வலைப்பின்னலின் கண்ணிகளுக்கு நடுவே, காலியென்று தோன்றும் இடத்தில், கால்சியம் ஒளியில் மினுக்கும் நுண்ணிய புள்ளிகளும் நுண்ணிய காந்தத் துணுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பது முடிவு. பதினைந்து ஆண்டு கழித்து, 1997-இல், மாட்ஸ் கார்ல்சனும் ராபர்ட் ஸ்டைனும் காந்தத்தைச் சேர்க்காமலே ஒரு கணினி மாதிரியை ஓட்டினார்கள். கீழேயிருந்து எழும் ஒலியலைகள் மேலே போகப் போக அதிர்ச்சி அலைகளாக மாறி, அதே மினுக்கத்தை, அதே நிறமாலை வடிவத்தோடு உண்டாக்கின. அந்தக் கணக்கில் காந்தத்துக்கு வேலையே இல்லை.

கேம்ப்ஃபயர் வந்தபோது சூரிய இயற்பியலாளர்கள் முதலில் காந்த வரைபடத்தைத் தேடி ஓடியதற்கு இந்த அனுபவமும் காரணமாக இருந்திருக்கலாம்.

கணப்புக்கு அடியில்

நவ்தீப் பனேசர் தலைமையிலான குழு, முன்கூட்டித் தெரிவு செய்யாமல் எடுத்த 52 கேம்ப்ஃபயர்களின் அடியில் இருந்த காந்த வரைபடங்களை எஸ்டிஓ தந்த தரவில் பார்த்தது. பெரும்பாலானவை எதிரெதிர்த் துருவங்கள் சந்திக்கும் கோட்டின்மேல் நின்றன. அந்தக் கோட்டில் இரண்டு துருவங்களும் ஒன்றையொன்று தின்று மறைந்துகொண்டிருந்தன. பல இடங்களில் தீப்பற்றுவதற்குச் சற்று முன்பு குளிர்ந்த பிளாஸ்மாவின் ஒரு கருந்துண்டு மேலெழுந்தது. பெரிய சூரிய வெடிப்புகளுக்கு முன் எழும் கருங்கயிற்றின் குட்டிப் பதிப்பு அது.

மறுபக்கம் யாஜி சென், ஹார்டி பீட்டர் குழு கணினிக்குள் ஒரு அமைதியான சூரியத் துண்டை உருவாக்கி ஓடவிட்டது. யாரும் மூட்டாமலே அதில் கேம்ப்ஃபயர்கள் எரிந்தன. மிகப் பிரகாசமான ஏழை எடுத்து அலசியபோது, பெரும்பாலானவற்றில் இரண்டு காந்தக் கட்டுகள் ஏறக்குறைய ஒரே திசையில் கிடந்தபடி, சிறு கோணத்தில் உரசிக்கொண்டிருந்தன. அதாவது பார்க்கரின் பின்னல். கீழே துருவங்கள் மறைய வேண்டிய கட்டாயமே அங்கு இல்லை. அவதானிப்பு கீழே நடக்கும் மோதலைச் சுட்டுகிறது, மாதிரி மேலே நடக்கும் உரசலை. இரண்டு வழியிலும் தீ பற்றலாம். எந்த வழி எத்தனை சதவீதம் என்பதுதான் பேச்சு.

உயரமும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. விண்கலமும் பூமிக்கருகிலுள்ள எஸ்டிஓவும் இரு கோணங்களில் பார்த்ததை வைத்துக் கணித்தபோது, கேம்ப்ஃபயர்கள் மேற்பரப்பிலிருந்து 1,000 முதல் 5,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் நிற்கின்றன. கொரோனாவின் அடிவாசல் அது. அங்கே எரியும் தீயின் சூடு மாடிக்கு எவ்வளவு ஏறும் என்பது தனிக் கேள்வி.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். 2020 மே படச் சட்டத்தின் பரப்பு, சூரிய மேற்பரப்பில் ஏறக்குறைய நாற்பதில் ஒன்று. 245 நொடியில் 1,467 என்றால் நொடிக்கு ஆறு. சூரியன் முழுவதற்கும் பெருக்கினால் நொடிக்குச் சில நூறு. ஒவ்வொன்றும் ஒரு முழு நானோஃபிளேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், தேவையான 18,000 எங்கோ நிற்கிறது. இது மேலோட்டமான பெருக்கல்தான், ஆனாலும் பற்றாக்குறையின் அளவைக் காட்டப் போதும். கேம்ப்ஃபயர்கள் மட்டும் கடனை அடைக்காது. இன்னும் சின்னவை வேண்டும், இன்னும் மிக நிறைய வேண்டும்.

இன்னும் சின்னவை

அவை கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன. 2022 மார்ச் 30 அன்று சோலார் ஆர்பிட்டர் சூரியனின் தென்துருவத்தருகே உள்ள கொரோனாத் துளையைப் பார்த்தது. காந்தக் கோடுகள் வளைந்து திரும்பாமல் விண்வெளிக்குத் திறந்து கிடக்கும் பகுதி அது. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த லட்சுமி பிரதீப் சிட்டா தலைமையிலான குழு அங்கே மெல்லிய பீச்சல்களைக் கண்டது. நொடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகம், 20 முதல் 100 நொடி ஆயுள். நானோவுக்கும் ஆயிரம் மடங்கு கீழே என்பதால் இவை ‘பிகோஃபிளேர்’ பீச்சல்கள். 2023-இல் வெளியான அந்தக் கட்டுரை, சூரியக் காற்றுக்குத் தீனி போடுவதில் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்றது. காற்று ஒரே சீராக ஊதவில்லை, விட்டு விட்டுத் துப்பப்படுகிறது என்ற படம் இதனால் வலுப்பட்டது.

இந்தியக் கணக்கும் இதில் உண்டு. நிலவைச் சுற்றப் போன சந்திரயான்-2 விண்கலத்தில் சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்தது. 2019-20-இல் கரும்புள்ளியே இல்லாத 76 நாட்களின் தரவை அலசியபோது 98 நுண்வெடிப்புகள் கிடைத்தன. வழக்கமான ஏ, பி, சி, எம், எக்ஸ் என்ற வகைப்பாட்டில் கடைசிப் படியான ‘ஏ’-வுக்கும் கீழானவை. கொந்தளிப்புப் பகுதியே இல்லாத இடத்திலும் வெடிப்பு நடக்கிறது என்று அது நிறுவியது. புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்துச் சுரஜித் மண்டல், திவ்யா ஓபராய் குழு, மேற்கு ஆஸ்திரேலியாவின் ரேடியோ ஆன்டெனாக் கூட்டத்தை வைத்து, அமைதியான சூரியனிலிருந்து வரும் மிக மங்கலான ரேடியோத் துடிப்புகளை 2020-இல் பதிவு செய்தது. நானோஃபிளேர் ஒவ்வொன்றும் வெடிக்கும்போது எலக்ட்ரான்களை விரட்டுமானால் ரேடியோவில் அந்தத் தடயம் கேட்க வேண்டும் என்பது வெகுநாள் எதிர்பார்ப்பு.

இங்கே ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. தகரக் கூரையில் மழை தொடங்கும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியே கேட்கும். வலுத்தபின் ஒரே இரைச்சல். ஒரே காந்த இழையில் ஒரு நானோஃபிளேர் ஆறுவதற்குள் அடுத்தது வெடித்தால், அங்கே மினுக்கம் இருக்காது. சீரான ஒளிதான் இருக்கும். எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. கொரோனாவை உண்மையில் சூடாக்குபவை இப்படிப்பட்டவையாக இருந்தால், கேம்ப்ஃபயர்கள் மழையின் ஓரத்தில் தனியே விழும் துளிகள் மட்டுமே.

மறுமுகாமும் சும்மா இல்லை. ஹேன்னஸ் ஆல்ஃப்வென் 1942-இல் கணித்த காந்த அலைகள் கீழிருந்து ஆற்றலைச் சுமந்து மேலேறி அங்கே கரைகின்றன என்பது அவர்கள் வாதம். அலைகள் இருப்பதில் இன்று ஐயமில்லை. அவை எங்கே, எப்படிக் கரைகின்றன என்பதே பிரச்சினை. மெல்லிய அடுக்குகளாக நொறுங்கும் அலையும் உரசும் பின்னலும் கடைசியில் ஒரே மாதிரியான நுண்ணிய மறுஇணைப்பில் போய் முடியலாம். ஆகவே இரண்டு முகாம்களுக்கும் இடையிலான வேலி முன்பைப்போல் உயரமாக இல்லை.

கருவிகளின் வரிசை நீள்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1, அடுத்த ஜனவரி 6-ஆம் தேதியிலிருந்து பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனை இமைக்காமல் பார்க்கிறது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அதன் திட்ட இயக்குநராக இருந்தார். பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் அருகில் பாய்ந்து சென்றது. அவ்வளவு கிட்டத்தில் சூரியனை நேராகப் படமெடுக்க முடியாது. அது பிளாஸ்மாவைத் தொட்டு அளக்கிறது. சோலார் ஆர்பிட்டர் 2025 பிப்ரவரியில் வெள்ளிக் கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தித் தன் பாதையைச் சாய்த்துக்கொண்டு, அடுத்த மாதமே 17 டிகிரிக் கோணத்திலிருந்து தென்துருவத்தைப் படமெடுத்தது.

இத்தனைக்கும் பிறகு நிறமாலைக்காரர்களின் தொல்லை எளிமையானது. படம் ஒளியைக் காட்டும். வேகத்தையும் வெப்பத்தையும் நம்பிச் சொல்ல நிறமாலை வேண்டும். நிறமாலைக் கருவியோ முடியிழை போன்ற ஒற்றைப் பிளவு வழியாகத்தான் சூரியனைப் பார்க்கிறது. ஒரு பட்டையைப் பார்த்து முடித்து அடுத்த பட்டைக்கு நகர்ந்து, ஒரு சிறு பகுதியை முழுதும் துழாவி முடிக்கப் பல நிமிடம் ஆகிவிடும். கேம்ப்ஃபயரின் ஆயுள் பத்து நொடியாகவும் இருக்கலாம். பிளவு வந்து சேரும்போது சாம்பல்தான் மிச்சம். நாசா தயாரித்துவரும் மியூஸ் என்ற விண்கலத்தில் ஒன்றுக்குப் பதில் முப்பதுக்கும் மேற்பட்ட பிளவுகளை அருகருகே வைக்கிறார்கள். ஒரு கொந்தளிப்புப் பகுதி முழுவதையும் பன்னிரண்டு நொடி போன்ற குறுகிய நேரத்துக்குள் நிறமாலையில் துழாவிவிட வேண்டும் என்பது இலக்கு.